வகுப்பில் வீடியோ ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

முதல் நாள் இரவு வீட்டில் தடங்கலே இல்லாமல் ஓடிய வீடியோ, மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அடம்பிடிக்கும். குழுவில் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பொத்தானை அழுத்துவார்கள். யார் எதை மாற்றினார் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் வகுப்பு பேச ஆரம்பித்துவிடும். நாள் கணக்கில் உழைத்துத் தயார்செய்தவர்கள் அப்படித் திணறி நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டிப் பார்த்த இடம் ஒன்று, ஓட்ட வேண்டிய இடம் இன்னொன்று. கணினி மாறுகிறது, இணையம் மாறுகிறது, உள்நுழைந்திருக்கும் கணக்கும் மாறுகிறது. எது மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் திரையில் நீங்கள் காணக்கூடிய அறிகுறிகள். உங்களுடையதைத் தேடி நேராக அங்கே போங்கள். உதாரணம் சொல்ல ஒரே வீடியோவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் டகோமா நேரோஸ் தொங்குபாலம் 1940 நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கி ஆடி இடிந்து விழுந்த காட்சி அது. இயற்பியல், பொறியியல் வகுப்புகளில் அடிக்கடி காட்டுவார்கள். மாணவனாக இருந்தபோது என் குழு காட்டியதும் அதையேதான்.

எதையும் தொடும் முன் ஒரு ஏற்பாடு. லேப்டாப்பில் கை வைப்பவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். இன்னொருவர் வகுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் கேபிள், ப்ரொஜெக்டர் பக்கம் போகலாம். யார் எது என்று முன்பே பேசி வையுங்கள். கோளாறு வந்த பிறகு அதைப் பேச நேரம் இருக்காது.

படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை

அதிகம் வரும் சிக்கல் இது. வீடியோவின் ஒலி நம் காதுக்கு வர மூன்று நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். ஒன்று சாத்தியிருந்தாலும் கேட்காது. வரிசையாகத் திறந்து பாருங்கள். வீடியோவுக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் குறி முதல் கதவு. யூடியூபில் ஆங்கில 'எம்' விசையைத் தெரியாமல் தட்டினாலே மியூட் ஆகிவிடும். பிரவுசர் டேப் இரண்டாவது கதவு. டேப்பின் மேல் வலது க்ளிக் செய்தால் அந்தத் தளம் மியூட்டில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கணினியின் வால்யூம் மூன்றாவது.

மூன்றும் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் ஒலி வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் சேர்த்தே கடத்தும். அதைச் செருகியதும் கணினி பல நேரம் ஒலியை ப்ரொஜெக்டருக்குத் திருப்பிவிடும். அந்த ப்ரொஜெக்டரில் ஸ்பீக்கரே இல்லாமல் இருக்கலாம், இருந்தும் அதன் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கலாம். விண்டோஸில் கீழே வலப்பக்கம் உள்ள ஸ்பீக்கர் குறியைத் திறந்தால் ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்ற பட்டியல் வரும். லேப்டாப் ஸ்பீக்கரையோ அறையின் ஸ்பீக்கரையோ தேர்ந்தெடுங்கள். மேக்கில் இதே பட்டியல் கன்ட்ரோல் சென்டரின் சவுண்ட் பகுதியில் இருக்கும்.

பழைய விஜிஏ கேபிள் என்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. அதில் படம் மட்டும்தான் போகும். ஒலிக்குத் தனியாக ஆடியோ வயர் வேண்டும். அப்புறம், லேப்டாப்காரரின் ப்ளூடூத் இயர்பட்ஸ் இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வகுப்புக்கு வர வேண்டிய ஒலி அவருடைய பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு நேர்ந்தது விஜிஏ கதை. ஆடியோ வயர் இல்லை, லேப்டாப் ஸ்பீக்கரின் சத்தம் முதல் வரிசையைத் தாண்டவில்லை. திரையில் பாலம் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. குழுவில் இருந்த தோழி ஒருத்தி வீடியோவை நிறுத்தச் சொல்லாமல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "பாலத்தின் நடுக்கோட்டைப் பாருங்கள். இந்தப் பக்கம் ஏறும்போது அந்தப் பக்கம் இறங்குகிறது. நடுக்கோடு மட்டும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். அன்று பாலத்தின் மேல் நின்ற காரில் சிக்கிய நாயை மீட்கப் போன பேராசிரியர் ஃபார்குவர்சன் அந்தக் கோட்டை ஒட்டியே நடந்தார் என்றும் சொன்னாள். வகுப்பு அசையாமல் பார்த்தது. அந்தப் படம் முதலில் எடுக்கப்பட்டபோது அதில் ஒலியே கிடையாது. இப்போது இணையத்தில் கேட்கும் வர்ணனையும் இசையும் பிற்பாடு சேர்த்தவை. அன்று நாங்கள் எதையும் இழக்கவில்லை. அன்றிலிருந்து நான் உதவி செய்யும் குழுக்களிடம் ஒன்றைத் தவறாமல் செய்யச் சொல்கிறேன்: வீட்டில் ஒருமுறை முழு மியூட்டில் வீடியோவை ஓட்டி, அதற்கு மேல் நீங்களே பேசிப் பாருங்கள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இணையம் மெதுவாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. முதலில் இது எது என்று பிரித்துப் பாருங்கள். புது டேப்பில் வேறு ஒரு தளத்தைத் திறங்கள். கல்வி நிறுவனங்களின் வைஃபை பல நேரம் இணைந்தது போலக் காட்டும், ஆனால் உள்நுழைவுப் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும்வரை எதையும் உள்ளே விடாது. புது டேப் திறந்தவுடன் அந்தப் பக்கம் வந்து நின்றால் அதுதான் காரணம்.

இணையம் இருக்கிறது, வேகம்தான் இல்லை என்றால் தரத்தைக் குறையுங்கள். வீடியோவில் பல்சக்கரக் குறியை அழுத்தினால் தரம் மாற்றலாம். யூடியூபின் சொந்தப் பரிந்துரைப்படி 1080பி-க்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும், 720பி-க்கு 2.5, 480பி-க்கு 1.1. அதாவது 1080-லிருந்து 480-க்கு இறங்கினால் தேவை நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பழைய ஆவணப் படங்களுக்கு 480 தாராளம். 1940-ல் எடுத்த பாலத்தை 1080-ல் காட்டி ஒன்றும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. சிறு எழுத்துகளோ வரைபடமோ உள்ள வீடியோ என்றால் மட்டும் 720-க்குக் கீழே போகாதீர்கள், பின்வரிசைக்குப் படிக்க முடியாது.

வைஃபை அறவே சரியில்லை என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட். டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு நிமிட வீடியோ 480பி-யில் சுமார் 17 மெகாபைட்தான் எடுக்கும், 1080-ல் 75. ஆனால் ஹாட்ஸ்பாட்டை வகுப்பு தொடங்கும் முன்பே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். கட்டிடத்தின் உள்ளறைகளில் மொபைல் சிக்னலே கிடைக்காமல் போவதுண்டு.

இன்னொரு நல்ல பழக்கம்: உங்கள் முறை வருவதற்குள் வீடியோவைத் திறந்து, தொடங்க வேண்டிய இடத்தில் நிறுத்தி வைத்துவிடுங்கள். முன்னேற்றக் கோட்டில் சாம்பல் நிறப் பகுதி நகர்வது தெரியும். அவ்வளவு தூரம் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்துவிடாதீர்கள்.

"வீடியோ கிடைக்கவில்லை" என்று வருகிறது

பதற்றத்தில் யாரும் படிக்காத செய்தி இது. தயவுசெய்து முழுவதும் படியுங்கள், பெரும்பாலும் காரணம் அதிலேயே இருக்கும்.

மற்ற தளங்களில் ஓட்டுவதை உரிமையாளர் தடுத்திருக்கிறார் என்று வந்தால் உங்கள் ஸ்லைடில் தவறு இல்லை. வீடியோவை ஸ்லைடுக்குள் பதிப்பதை அவர் அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான். அதை யூடியூபிலேயே திறந்து காட்டினால் ஓடும். ஸ்லைடில் ஒரு சாதாரண லிங்க் வைத்திருந்தால் ஒரே க்ளிக்கில் வேலை முடிந்துவிடும். வயது வரம்பு போட்ட வீடியோவும் ஸ்லைடுக்குள் ஓடாது, யூடியூபிலும் உள்நுழையாமல் ஓடாது.

'பிரைவேட்' என்று வந்தால் அது பெரும்பாலும் குழுவே எடுத்துப் பதிவேற்றிய வீடியோ. ஏற்றியவரின் லேப்டாப்பில் ஓடும், வேறு எவருடையதிலும் ஓடாது. அவர் தன் மொபைலிலேயே உள்ளே போய் 'அன்லிஸ்டட்' என்று மாற்றினால் போதும். லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடலில் வராது. கூகுள் ட்ரைவில் வைத்த வீடியோவுக்கும் இதே நோய் உண்டு. பகிர்வு அமைப்பை லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று மாற்றுங்கள். வகுப்புக்கு அரை மணி நேரம் முன் ஏற்றிய வீடியோ என்றால் பொறுமைதான் மருந்து. ட்ரைவ் அதை இன்னும் தயார்செய்துகொண்டிருக்கும். யூடியூபிலும் முதலில் மங்கலான தரம்தான் வரும், உயர்தரம் பிறகு சேரும்.

வீட்டில் ஓடி, நிறுவனத்தின் இணையத்தில் மட்டும் ஓடவில்லை என்றால் அங்கே கட்டுப்பாட்டு முறை போட்டிருக்கலாம். யூடியூபின் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' நெட்வொர்க் அளவிலேயே போடக்கூடியது, உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்க முடியாது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள், இல்லையென்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள்.

கணக்கு, அனுமதி சார்ந்த சிக்கல்களை முந்தின நாளே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரவுசரில் இன்காக்னிடோ சாளரம் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் வகுப்புக் கணினியிலும் கணக்குச் சிக்கல் வராது.

லேப்டாப்பில் தெரிகிறது, பெரிய திரை கறுப்பாக இருக்கிறது

விண்டோஸ் விசையோடு ஆங்கில 'பி' விசையைச் சேர்த்து அழுத்துங்கள் ('புராஜெக்ட்' என்பதன் முதல் எழுத்து என்று நினைவு வைக்கலாம்). வரும் பட்டியலில் 'டூப்ளிகேட்' எடுங்கள். 'எக்ஸ்டெண்ட்' என்று இருந்தால் பெரிய திரை தனித் திரையாகிவிடும், வீடியோ லேப்டாப்பிலேயே தங்கிவிடும். அப்போதும் வரவில்லையென்றால் ப்ரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் தெரிந்து, வீடியோ இருக்கும் கட்டம் மட்டும் கறுப்பு என்றால் அது வேறு விஷயம். சந்தா கட்டிப் பார்க்கும் திரைப்படத் தளங்கள் நகல் எடுப்பதைத் தடுக்கப் பாதுகாப்பு வைத்திருக்கின்றன. திரைப் பகிர்விலும் சில ப்ரொஜெக்டர் இணைப்புகளிலும் அந்தப் பாதுகாப்பு படத்தை மறைத்துவிடும். இதைச் சுற்றிப் போக முயல வேண்டாம். அந்தக் காட்சிக்கு வெளிப்படையாகக் கிடைக்கும் முன்னோட்டத்தையோ வேறு மூலத்தையோ தேடுங்கள்.

ஆன்லைன் வகுப்பில் பகிர்ந்தால் விட்டுவிட்டு ஓடுகிறது, ஒலியும் இல்லை

ஜூமில் திரையைப் பகிரும் பெட்டியிலேயே ஒலியைப் பகிர்வதற்கு ஒரு டிக், வீடியோவுக்கு ஏற்றபடி அனுப்புவதற்கு இன்னொரு டிக் இருக்கின்றன. இரண்டையும் போடுங்கள். கூகுள் மீட்டில் முழுத் திரையைப் பகிராமல் வீடியோ உள்ள டேப்பை மட்டும் பகிர்ந்து, டேப் ஒலியையும் சேர்க்கச் சொல்லுங்கள். டீம்ஸிலும் கணினி ஒலியைச் சேர்க்கத் தனிப் பொத்தான் உண்டு.

இவ்வளவு செய்தும் விட்டுவிட்டு ஓடினால் பகிர்வதை விட்டுவிடுங்கள். சாட்டில் லிங்க்கைப் போட்டு, "1:10-லிருந்து 2:05 வரை பாருங்கள், முடிந்ததும் கை உயர்த்துங்கள்" என்று சொல்லுங்கள். அவரவர் இணையத்தில் அவரவர் பார்ப்பது, ஒருவருடைய இணையத்தின் வழியாக முப்பது பேர் பார்ப்பதைவிட எப்போதும் தெளிவாக இருக்கும்.

க்ளிக் செய்தால் வீடியோ ஓடாமல் அடுத்த ஸ்லைடு வருகிறது

வீடியோ சட்டத்துக்கு வெளியே க்ளிக் விழுந்திருக்கிறது, அல்லது கையிலுள்ள க்ளிக்கரை (ஸ்லைடு மாற்றும் ரிமோட்) அழுத்தியிருக்கிறீர்கள். இணைய வீடியோவை மவுஸால் அதன் மேலேயே க்ளிக் செய்து தொடங்குவது நல்லது. தொடங்கியபின் எதிர்ச் சிக்கல் வரும். விசைகள் எல்லாம் வீடியோவுக்குள் போய்விடும், க்ளிக்கரை அழுத்தினாலும் ஸ்லைடு நகராது. சட்டத்துக்கு வெளியே ஒரு க்ளிக் செய்தால் கட்டுப்பாடு திரும்பும்.

தானாகவே ஓட வேண்டும் என்று வைத்தும் ஓடவில்லையா? ஒலியுள்ள வீடியோவைப் பயனர் ஒரு க்ளிக்காவது செய்யாமல் தானாக ஓட்ட க்ரோம் 2018 முதல் பொதுவாக அனுமதிப்பதில்லை. மற்ற பிரவுசர்களும் இப்படிக் கட்டுப்படுத்துகின்றன. தானியங்கியை நம்பாமல் க்ளிக்கை நம்புங்கள்.

பென்டிரைவில் கொண்டுவந்த ஸ்லைடில் வீடியோ வெறும் படமாக நிற்கிறது

ஸ்லைடில் 'ஆன்லைன் வீடியோ' என்று சேர்த்தது உண்மையில் ஒரு லிங்க் மட்டும்தான். இணையம் இல்லாத கணினியில் அது அட்டைப்படமாகவே நிற்கும். மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால் பவர்பாயிண்ட் மேலே ஒரு மஞ்சள் பட்டை காட்டும். திருத்த அனுமதி கொடுக்கும்வரை உள்ளே சில விஷயங்கள் ஓடாது.

இணையமே இல்லாமல் ஓட வேண்டுமென்றால் வீடியோ கோப்பாகக் கையில் இருக்க வேண்டும். யூடியூப் தன் விதிமுறைகளில், தளமே பதிவிறக்க வசதி தரும் இடங்களைத் தவிர வேறெப்படியும் இறக்கக் கூடாது என்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ், விக்கிமீடியா காமன்ஸ் இரண்டிலும் நேரடியாகப் பதிவிறக்கலாம், எந்த உரிமத்தில் இருக்கிறது என்பதும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். உங்கள் தலைப்புக்கான காட்சி அங்கே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எம்பி4 வடிவம் பெரும்பாலான கணினிகளில் ஓடும்.

விளம்பரம் வருகிறது, தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது

ஷேர் பொத்தானை அழுத்தும்போது கீழே 'ஸ்டார்ட் அட்' என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டு நேரத்தைக் கொடுத்து லிங்க்கை எடுத்தால் அந்த நொடியிலிருந்தே தொடங்கும். கூகுள் ஸ்லைட்ஸில் வீடியோவைச் சேர்த்தபின் அதன் வடிவமைப்பு அமைப்புகளில் தொடக்கம், முடிவு இரண்டையும் கொடுக்கலாம். முடிவு நேரம் கொடுப்பது ரொம்ப முக்கியம். இல்லையென்றால் கடைசியில் வரும் பரிந்துரைப் படங்கள் வகுப்பின் கவனத்தை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும். விளம்பரத்தை வகுப்பு தொடங்கும் முன்பே ஓட்டி முடித்து, வீடியோவை நிறுத்தி வையுங்கள்.

வீடியோ ஒழுங்காக ஓடியது, ஆனால் வகுப்பு சோர்ந்துவிட்டது

தொழில்நுட்பக் கோளாறு இல்லை என்பதால் பலரும் இதைக் கோளாறாகவே நினைப்பதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோளாறு. பத்து நிமிடம் கொடுத்தால் அதில் ஆறு நிமிடத்தை வீடியோவுக்கே விட்டுவிட்டு, குழு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். ஆசிரியர் மதிப்பிட வந்தது உங்களை. வேறொருவர் எடுத்த படத்துக்கு உங்களுக்கு மதிப்பெண் கிடைக்காது.

ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம். அதற்குமேல் வேண்டுமென்றால் துண்டு துண்டாகக் காட்டி நடுவில் பேசுங்கள். ஓட்டும் முன் ஒரு கேள்வி கொடுங்கள். "பாலம் மேலும் கீழுமாக ஆடுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா? எப்போது மாறுகிறது?" என்று கேட்டுவிட்டு ஓட்டினால் கண்கள் தேடும். அப்புறம் சரியான கணத்தில் நிறுத்துங்கள். யூடியூபில் ஆங்கில 'கே' விசை நிறுத்தும், மறுபடி ஓட்டும். 'ஜே' 10 நொடி பின்னே, 'எல்' 10 நொடி முன்னே கொண்டுபோகும். நிறுத்திய நிலையில் காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) பின்னே, முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னே நகரும். சாலையின் இடது ஓரம் உச்சிக்குப் போய், வலது ஓரம் அடியில் கிடக்கும் அந்த ஒரு ஃப்ரேமில் நிறுத்திப் பாருங்கள். எஃகும் கான்கிரீட்டும் துணிபோல முறுக்கிக் கிடப்பதை வகுப்பு அப்போதுதான் உண்மையாகப் பார்க்கும். இந்த விசைகளைக் குழுவில் ஒருவர் கை பழகும்வரை பயிற்சி செய்யட்டும்.

பேச்சு புரியாததால் சோர்வு என்றால் ஆங்கில 'சி' விசை சப்டைட்டிலைக் கொண்டுவரும். தானாக உருவான சப்டைட்டில் பெயர்களையும் கலைச்சொற்களையும் தப்பாக எழுதும். முன்பே ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆசிரியர் "வீடியோவில் சொன்னது சரியா?" என்கிறார்

இந்தக் கேள்வியில் குழு முழுவதும் மௌனமாகிவிடுவதுண்டு. டகோமா பாலத்துக்கு இது நிச்சயம் வரும். காற்றின் தாளம் பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு (பாலம் தானாக ஆடும் வேகம்) ஒத்துப்போனதால் எளிய ஒத்ததிர்வில் விழுந்தது என்று பல வீடியோக்கள் சொல்கின்றன. பொறியாளர்கள் இன்று ஏற்கும் விளக்கம் வேறு. பாலம் முறுக்க முறுக்க, அந்த அசைவே காற்றிலிருந்து மேலும் ஆற்றலை உறிஞ்சி முறுக்கத்தை வளர்த்தது. காற்று ஒரே சீராக வீசினாலும் இது நடக்கும். 'ஃப்ளட்டர்' என்பார்கள். ஓட்ட வேகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நொடிக்கு 16 ஃப்ரேம் வீதம் எடுத்த படத்தை 24 வீதத்தில் ஓட்டிய பிரதிகள் பரவியிருக்கின்றன. அவற்றில் பாலம் உண்மையைவிட ஒன்றரை மடங்கு வேகமாக ஆடும். அதை வைத்து அலைவு எண்ணிக் கணக்குப் போட்டால் விடை தப்பாகும்.

ஆகவே வீடியோ சொல்லும் முக்கியமான ஒரு கூற்றையாவது பாடநூலிலோ துறை சார்ந்த வேறு மூலத்திலோ சரிபாருங்கள். தப்பு இருந்தால் வீடியோவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. "காட்சி அசல், ஆனால் இவர் சொல்லும் காரணத்தை நாங்கள் ஏற்கவில்லை" என்று நிறுத்திச் சொல்லுங்கள். எந்த ஆசிரியருக்கும் அது பிடிக்கும். வீடியோ யாருடையது, எங்கிருந்து எடுத்தது என்பதை அதே ஸ்லைடின் அடியில் எழுதிவிடுங்கள்.

எதுவுமே வேலை செய்யவில்லை

அறுபது நொடி முயலுங்கள், அதற்குமேல் வேண்டாம். நேரம் பார்க்கும் வேலையையும் ஒருவரிடம் கொடுங்கள். அறுபது ஆனதும் அவர் "சரி, அடுத்ததுக்குப் போகலாம்" என்று சொல்ல வேண்டும், லேப்டாப்பில் இருப்பவர் வாதாடாமல் கையை எடுக்க வேண்டும்.

இதற்காகவே வீடியோ ஸ்லைடுக்கு அடுத்து ஒரு ஸ்லைடு தயாராக இருக்கட்டும். காட்சியிலிருந்து எடுத்த மூன்று நிழற்படங்கள் போதும். எங்கள் பாலத்துக்கு என்றால் மேலும் கீழும் அலைபோல ஆடும் பாலம் ஒன்று, முறுக்கிக்கொண்ட பாலம் ஒன்று, நடுப்பகுதி பெயர்ந்து தண்ணீரில் விழும் கணம் ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் குழுவில் ஒருவர், ஆளுக்கு இரண்டு வாக்கியம். அந்த வாக்கியங்களைத் தாளில் எழுதி, அச்செடுத்த படங்களோடு ஒருவர் பையில் வையுங்கள். மின்சாரமே போனாலும் அதை வரிசை வரிசையாகக் கைமாற்றி அனுப்பிவிட்டுப் பேசலாம்.